மாலை மையத்துக்குள் ஓர் இளையோர் மன்றம்: எங்கிருந்து தொடங்குவது?

“பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து தங்கும் மாலை மையம் ஒன்றை நடத்துகிறோம். வீட்டுப்பாடம், விளையாட்டு, சிற்றுண்டி என்று நாற்பது பேர் வருகிறார்கள். இதற்குள்ளேயே இளையோர் மன்றங்கள் தொடங்க நினைக்கிறோம். என்ன மன்றம் வைப்பது, எப்படித் தொடங்குவது, யார் நடத்துவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற இரண்டும் அமையும். மன்றத்தைப் பிள்ளைகள் நடத்த வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருப்பார், தாங்கிப் பிடிப்பார், நடத்துவது அவர்கள். இப்படிச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. ஆனால் முதல் கூட்டத்தன்று பேனா யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பெரியவர் கையில்தான் இருக்கும்.

நான் முதன்முதலில் தொடங்கியது ஓர் அறிவியல் மன்றம். பன்னிரண்டு வாரத்துக்கும் என்னென்ன சோதனை என்று நானே அட்டவணை போட்டேன். பொருள்களை நானே வாங்கி, பெட்டி பெட்டியாகப் பெயரெழுதி அடுக்கினேன். தலைவர், செயலாளர் என்று நால்வருக்குச் சட்டையில் அட்டை குத்திவிட்டேன். பிள்ளைகள் தவறாமல் வந்தார்கள், நன்றாகத்தான் போனது. ஆறாவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் போக முடியவில்லை. திரும்பிப் போனபோது, நடுவில் மன்றம் கூடவே இல்லை என்று தெரிந்தது. தலைவர் அட்டை குத்தியிருந்த சிறுமியிடம் ஏன் என்று கேட்டேன். “நீங்கள் வரவில்லையே” என்றாள். அவள் முகத்தில் குற்றவுணர்வு எதுவும் இல்லை. அவள் சொன்னது சரி. அது என் மன்றம். நான் வராததால் கூடவில்லை. அன்று கற்றுக்கொண்டதை வைத்துத்தான் மீதியைச் சொல்கிறேன்.

உங்கள் யோசனைக்குள் இரண்டு பழைய மரபுகள் சந்திக்கின்றன. ஒன்று, பிள்ளைகளுக்குப் பத்திரமான ஓர் இடம் கொடுப்பது. 1860-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் மூன்று பெண்கள், தெருவில் சுற்றித் திரிந்த சிறுவர்களை அழைத்து ஒரு மன்றம் தொடங்கினார்கள். இன்றைய பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப்ஸ் அமைப்பு தன் தொடக்கமாகச் சொல்வது அதைத்தான். உங்கள் மாலை மையம் இந்த மரபில் வந்தது. இன்னொன்று, பிள்ளைகளின் கையில் உண்மையான ஒரு வேலையைக் கொடுப்பது. 1902 ஜனவரியில் ஒஹையோ மாநிலத்தில் ஏ.பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர், கிளார்க் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு வேளாண் மன்றம் தொடங்கினார். மண்ணைச் சோதிப்பது, மக்காச்சோள விதையைத் தேர்ந்தெடுப்பது, தோட்டம் போடுவது என்று வேலை நடந்தது. பின்னாளில் ஃபோர்-எச் என்று பெயர் பெற்ற இயக்கத்தின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். தலை, இதயம், கைகள், உடல்நலம் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களும் எச் எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் சொன்ன புதிய விவசாய முறைகளைப் பெரியவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பிள்ளைகளோ தங்கள் துண்டு நிலத்தில் போட்டுப் பார்த்து, விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர்கள் கையில் இருந்தது விளையாட்டுச் சாமான் அல்ல. நிலமும் உண்மை, விளைச்சலும் உண்மை, பொய்த்துப்போனால் அதுவும் உண்மை.

மாலை மையம் இடத்தைக் கொடுக்கிறது. மன்றம் வேலையைக் கொடுக்கிறது. இரண்டும் சேரும்போது என்ன நடக்கும் என்பதை ரீட் லார்சன் என்ற உளவியலாளர் 2000-இல் எழுதிய கட்டுரையில் அழகாகக் காட்டியிருக்கிறார். பதின்வயதினரிடம் பேஜர் கொடுத்து, எதிர்பாராத நேரங்களில் அது ஒலிக்கும்போதெல்லாம் அந்தக் கணத்தில் என்ன செய்கிறார்கள், மனம் எவ்வளவு அதில் ஒன்றியிருக்கிறது, எவ்வளவு விருப்பத்தோடு செய்கிறார்கள் என்று குறிக்கச் சொன்ன ஆய்வுகளை அவர் எடுத்துக்கொண்டார். வகுப்பறையில் கவனம் இருந்தது, விருப்பம் இல்லை. நண்பர்களோடு இருக்கும்போது விருப்பம் இருந்தது, கவனம் இல்லை. இரண்டும் ஒருசேர இருந்தது, தாங்களாக விரும்பிச் சேர்ந்த, ஓர் ஒழுங்கு உள்ள செயல்பாடுகளில் மட்டும்தான்: விளையாட்டுக் குழு, கலைக்குழு, மன்றம் போன்றவற்றில். ‘தாங்களாக விரும்பி’ என்பதையும் ‘ஓர் ஒழுங்கு உள்ள’ என்பதையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டால் மற்றது நிற்காது.

மாலை மையத்துக்குள் தொடங்கும் மன்றத்துக்கு உள்ள பெரிய வசதியும் பெரிய ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன. வசதி, பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள் என்பது. யாரையும் தேடிப் பிடிக்க வேண்டாம், இடம் தேட வேண்டாம், பெற்றோருக்கு மையத்தின் மேல் நம்பிக்கையும் இருக்கிறது. ஆபத்தும் அதேதான். பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். ஆகவே அவர்களை அப்படியே இரண்டாகவோ நான்காகவோ பிரித்து, ‘இன்று முதல் நீங்கள் சுற்றுச்சூழல் மன்றம், நீங்கள் நாடக மன்றம்’ என்று சொல்லிவிடத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, உறுப்பினராக இருப்பது வேறு. வேறு போக்கிடம் இல்லாததால் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மன்ற உறுப்பினர் ஆகிவிடாது. சேராமல் இருக்க உரிமை இருந்தால்தான் சேர்வதற்கு அர்த்தம் உண்டு. மன்றம் கூடும் நேரத்தில் அதில் சேராத பிள்ளைகளுக்கும் மையத்தில் செய்ய நல்ல வேலையோ விளையாட்டோ இருக்க வேண்டும். இதற்கு உங்களிடம் ஆள்பலம் இல்லையென்றால், அது கிடைக்கும்வரை மன்றத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து.

1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, குழந்தைகளுக்குத் தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 12-ஆம் பிரிவில் தருகிறது. அதைப் பலரும் அறிவார்கள். சங்கமாகச் சேரும் உரிமையை 15-ஆம் பிரிவில் தருவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உங்கள் மையத்தின் மூலையில் பத்துப் பிள்ளைகள் கூடி ஒரு மன்றத்துக்குப் பெயர் வைக்கும்போது, அவர்கள் பயன்படுத்துவது அந்த உரிமையைத்தான்.

எப்படித் தொடங்குவது என்பதற்கு வருகிறேன். ஒரே ஒரு மன்றம் தொடங்குங்கள். நாற்பது பேர் இருக்கிறார்களே, எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா என்று தோன்றும். முதல் மன்றம் ஆறு மாதம் தாக்குப்பிடித்தால், மற்றவர்களுக்கு நீங்கள் விளக்கிச் சொல்ல எதுவும் இருக்காது, அவர்களே பார்த்துவிடுவார்கள். நான்கை ஒன்றாகத் தொடங்கி மூன்று படுத்துவிட்டால், ‘இங்கே எதைத் தொடங்கினாலும் இரண்டு மாதம்தான்’ என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். அந்த எண்ணத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன்.

என்ன மன்றம் என்பதைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஆனால் ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று வெறுமனே கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஒருவன் கிரிக்கெட் என்பான், மீதி எல்லோரும் கிரிக்கெட் என்பார்கள். தங்களுக்குத் தெரிந்ததிலிருந்துதான் பிள்ளைகள் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் முதல் மூன்று நான்கு வாரங்கள் சுவை காட்டுங்கள். ஒரு நாள் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது, ஒரு நாள் மையத்தைச் சுற்றி எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன என்று எண்ணுவது, ஒரு நாள் பக்கத்தில் குடியிருக்கும் மூத்தவர் ஒருவரைப் பேட்டி எடுத்துப் பதிவு செய்வது, ஒரு நாள் கிழிந்த துணியைத் தைப்பது. ஒவ்வொன்றின் முடிவிலும், ‘இதை இன்னும் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெயர் எழுதலாம்’ என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டுங்கள். எந்தத் தாளில் எட்டுப் பெயர் சேர்கிறதோ அதுதான் உங்கள் முதல் மன்றம். எட்டிலிருந்து பதினைந்து வரை நல்ல எண்ணிக்கை. அதற்குக் குறைந்தால் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தாலே கூட்டம் நின்றுவிடும். அதற்கு மேல் போனால் கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்குப் பேச இடம் கிடைக்காது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு வயதுப் பிள்ளையையும் பதினான்கு வயதுப் பிள்ளையையும் ஒரே மன்றத்தில் சம உறுப்பினர்களாக வைத்தால், மூத்த பிள்ளைகள் முடிவெடுப்பார்கள், சிறியவர்கள் கைதூக்குவார்கள். மூன்று நான்கு வயதுக்கு மேல் இடைவெளி வேண்டாம். பதினைந்து, பதினாறு வயதினரை உறுப்பினர்களாகச் சேர்ப்பதைவிட, சிறியவர்களின் மன்றத்தில் துணைப் பொறுப்பாளர்களாக அமர்த்திப் பாருங்கள். அந்த வயதில் அவர்களுக்கு வேண்டியது, தங்களை நம்பி யாரோ ஒரு வேலையை ஒப்படைப்பது. ‘இவன் வந்தால் கலாட்டாதான்’ என்று மையத்தில் பெயர் வாங்கிய பையனிடம் சிறியவர்களுக்குக் கருவிகள் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தோம். அவன் ஒவ்வொரு சுத்தியலையும் எண்ணி வாங்கிய விதத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

நேரம் மிக முக்கியம். பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். வந்த உடனே வட்டமாக உட்காரச் சொன்னால் எந்த மன்றமும் உருப்படாது. வந்ததும் சிற்றுண்டி, இருபது முப்பது நிமிடம் ஓடியாடல், அதற்குப் பிறகு மன்றம். பெற்றோர் எப்போது அழைத்துப்போக வருகிறார்கள் என்பதை ஒரு வாரம் குறித்து வையுங்கள். கூட்டத்தின் நடுவில் ஒவ்வொருவராக எழுந்து போனால் முடிவெடுக்கும் நேரத்தில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். மன்ற நாளன்று மட்டும் கால் மணி நேரம் தாமதமாக வாருங்கள் என்று பெற்றோரிடம் கேட்டால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை, ஒன்றேகால் மணி நேரம், எப்போதும் ஒரே நாள். நாளை மாற்றிக்கொண்டே இருந்தால் மன்றம் கரைந்துவிடும்.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் முதல் கால் மணி நேரம் கூட்டம். மீதி நேரம் வேலை. கடைசிப் பத்து நிமிடம், இன்று என்ன நடந்தது, எது சரிப்படவில்லை, அடுத்து என்ன என்று பேசுவது. கூட்டம் போடுவது பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும் என்று பலரும் அதை வெட்டிவிட்டு நேரே வேலைக்குப் போய்விடுகிறார்கள். வெட்டக் கூடாதது அந்தக் கால் மணி நேரம்தான் என்பேன். செடி நடுவதை எந்த வகுப்பிலும் கற்கலாம். எந்தச் செடியை எங்கே நடுவது என்று பத்துப் பேர் வாதாடி ஒரு முடிவுக்கு வருவதை வேறு எங்கே கற்பார்கள்?

ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். தோட்ட மன்றம், செயலாளர் பதினோரு வயதுச் சிறுமி. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு சென்ற வாரக் குறிப்பை வாசித்தாள்: “ஒன்பது பேர் வந்தோம். மண்வெட்டி யாரிடம் இருக்கிறது என்று பேசினோம். யாரிடமும் இல்லை. அடுத்த வாரம் மறுபடி பேசுவது என்று முடிவு செய்தோம்.” தலைவர், “குறிப்பு சரியா?” என்று கேட்டான். வழக்கமாக எல்லோரும் ‘சரி’ என்பார்கள். அன்று, நான்கு மாதமாக வாயே திறக்காத ஒரு பையன் கையைத் தூக்கினான். “விடுமுறை நாளில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று நான் கேட்டேன். அதை எழுதவில்லை.” அறை அமைதியாகிவிட்டது. செயலாளர் நோட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு பென்சிலை எடுத்து ஓரத்தில் இடுக்கி இடுக்கி எழுதினாள். எழுதி முடித்து அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் குனிந்து வாசித்துத் தலையசைத்தான். அவ்வளவுதான் நடந்தது. என்னைக் கேட்டால் அந்த ஆண்டு முழுவதிலும் மன்றத்தில் விளைந்த ஆகச் சிறந்த விளைச்சல் அது. தான் சொன்னது புத்தகத்தில் ஏறும், ஏறாவிட்டால் கேட்கலாம் என்று ஒரு பிள்ளை தெரிந்துகொண்டது. அடுத்த வாரம் விடுமுறை நாள் முறைப்பட்டியலை அவனே எழுதிக்கொண்டு வந்தான்.

பொறுப்புகளைத் தேர்தல் வைத்தே கொடுங்கள். பதவிக்காலம் மூன்று மாதம் போதும். ஆண்டு முழுதும் ஒருவரே தலைவர் என்றால் நன்றாகப் பேசும் பிள்ளைதான் எப்போதும் தலைவர். தலைவர், செயலாளர், பொருளாளர் தவிர, புதிதாக வருகிறவரை வரவேற்று அழைத்து வந்து உட்காரவைக்கும் பொறுப்பு ஒன்றை வையுங்கள். அந்தப் பொறுப்புக்குக் கூச்சமுள்ள பிள்ளைகளே நன்றாகப் பொருந்துவார்கள். புதிதாக நுழைகிறவருக்கு எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பொருளாளர் கையில் உண்மையான பணம் இருக்க வேண்டும். தொகை சிறிதாக இருக்கட்டும். ஆனால் அதைச் செலவழிக்க உங்கள் அனுமதி தேவைப்படக் கூடாது, மன்றத்தின் தீர்மானம் மட்டும் போதும். ஒரு தகரப் பெட்டி, ஒரு வரவு செலவு நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து. தவறான பொருளை வாங்கிவிடுவார்கள், வாங்கட்டும். முளைக்காத விதையை வாங்கியவர்கள் அடுத்த முறை பொட்டலத்தின் பின்புறத்தில் தேதியைப் பார்ப்பார்கள். பிள்ளைகளிடம் சந்தா வாங்காதீர்கள். கொடுக்க முடியாத பிள்ளை ‘எனக்கு அதில் விருப்பமில்லை’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். உண்மைக் காரணம் உங்களுக்குத் தெரியவே வராது.

மன்றத்துக்கென்று ஓர் அலமாரி கொடுங்கள். மைய அறைகள் எல்லோரும் புழங்குகிறவை. இன்று பாதி செய்து வைத்ததை நாளை யாராவது ஒதுக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பூட்டுப் போட்ட ஓர் அலமாரி, சாவி மன்றத்திடம். இடம் இல்லையென்றால் ஒரு பெரிய பெட்டியாவது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பாதியில் விட்ட வேலை விட்ட இடத்தில் அப்படியே காத்திருக்கிறது என்பதுதான் ஒரு பிள்ளையை அடுத்த வாரமும் வரவைக்கிறது.

இப்போது பெரியவரின் வேலை. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: பெரியவர்களின் நோக்கத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குப் பேசவிடுவது. நான் குத்திவிட்ட அட்டைகள் அந்த மூன்றாம் படியில் வரும். பலரும் கவனிக்காத இடம் ஏணியின் உச்சி. பிள்ளைகள் தாங்களே தொடங்கித் தாங்களே நடத்துவது ஏழாவது படிதான். எட்டாவது, பிள்ளைகள் தொடங்கி, முடிவுகளைப் பெரியவர்களோடு பகிர்ந்துகொள்வது. ஆகவே, ஒதுங்கி நின்றுவிடுவது பெரியவரின் கடமை ஆகாது. ‘அது உங்கள் மன்றம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கைபேசியோடு மூலையில் உட்காருவதும் பிள்ளைகளைக் கைவிடுவதுதான்.

நடைமுறையில் இது இப்படி இருக்கும்: கூட்டத்துக்கு முந்தைய நாள் தலைவரோடும் செயலாளரோடும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, நாளை என்னென்ன பேச வேண்டும் என்று அவர்களையே எழுத வையுங்கள். கூட்டத்தில் நீங்கள் வட்டத்துக்குள் உட்காராமல் ஒரு அடி பின்னால் உட்காருங்கள். பிள்ளைகள் பேசும்போது உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால், தலைவரைப் பாருங்கள். அவர்கள் பார்வையும் அங்கே போகும். யாராவது உங்களிடம் கேள்வி கேட்டால், ‘மன்றம் என்ன நினைக்கிறது?’ என்று திருப்பிவிடுங்கள். மௌனம் நிலவினால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஏழில் யாரோ ஒருவர் பேசிவிடுவார். ஆனால் ஒரு பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்யும்போதும், பாதுகாப்புக்குக் கேடு வரும்போதும் பத்து எண்ணாதீர்கள். அங்கே உடனே, தெளிவாக, பெரியவராக நடந்துகொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் மாறாமல் இருக்க வேண்டும். மைய ஊழியரா, தன்னார்வலரா என்பது இரண்டாம் பட்சம். வாரம் ஓர் ஆள் வந்தால் ஒவ்வொரு வாரமும் முதல் வாரம்தான். குறைந்தது ஓர் ஆண்டு இருப்பேன் என்று சொல்லக்கூடியவரைத் தேடுங்கள். செடியைப் பற்றியோ ரேடியோவைப் பற்றியோ அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘எனக்கும் தெரியாது, தேடிப் பார்ப்போம்’ என்று கூசாமல் சொல்லத் தெரிந்தால் போதும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அல்லது எல்லோரும் பார்க்கும் இடம். தன்னார்வலரைச் சேர்க்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் பின்னணிச் சரிபார்ப்பை முடியுங்கள். பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம், ஒவ்வாமை விவரம், அவசரத் தொடர்பு எண், படம் எடுக்கத் தனிச் சம்மதம் ஆகியவற்றை மையம் ஏற்கெனவே வாங்கியிருந்தாலும், மன்றத்தின் வெளிப்பயணங்களுக்கு அது செல்லுமா என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்கு யாராவது தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கே முதல் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, நான் மிகவும் பிடிவாதமாக இருக்கும் ஒரு விஷயம். மன்றத்தை வீட்டுப்பாடத்துக்குப் பரிசாக ஆக்காதீர்கள். வீட்டுப்பாடம் முடிக்காததற்குத் தண்டனையாகவும் மன்றத்தைப் பறிக்காதீர்கள். ‘கணக்கு முடித்தால்தான் மன்றம்’ என்ற விதி நியாயமாகத் தெரியும். அந்த விதியால் வெளியே நிற்கப் போகிறவர்கள் யார் என்று பாருங்கள்: படிப்பில் தடுமாறுகிற அதே நான்கைந்து பிள்ளைகள், ஒவ்வொரு வாரமும். பள்ளியில் நாள் முழுவதும் தோற்றுவிட்டு வருகிற பிள்ளைக்கு, தன்னால் முடியும் என்று தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே இடத்தின் கதவையும் சாத்துகிறோம். மையத்தில் ஒழுங்குச் சிக்கல் என்றால் அதை மையத்தின் முறைப்படி தீர்த்துக்கொள்ளுங்கள். மன்ற உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்குவதை மன்றமே முடிவு செய்யட்டும்.

மைய ஊழியர்களை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு தன்னார்வலர் வந்து ‘சுவாரசியமான’ வேலையைச் செய்துவிட்டுப் போக, இரைச்சலும் குப்பையும் தங்கள் தலையில் விழுகிறது என்று அவர்களுக்குத் தோன்றினால், மன்றம் மூன்று மாதம் தாண்டாது. அவர்கள் கசப்பில் நியாயம் உண்டு. சுத்தம் செய்வது மன்றத்தின் வேலை நேரத்துக்குள்ளேயே வர வேண்டும். மாதம் ஒருமுறை மன்றத்தின் பொறுப்பாளர்கள், அதாவது பிள்ளைகள், மைய ஊழியர்களைச் சந்தித்து என்ன சிரமம் என்று கேட்கட்டும். பிள்ளைகள் கேட்டால் ஊழியர்கள் சொல்லும் விதமே வேறாக இருக்கும்.

‘இதனால் பலன் உண்டா’ என்று நிதி கொடுப்பவர்கள் கேட்பார்கள். ஜோசப் டர்லக், ரோஜர் வைஸ்பெர்க் ஆகியோர் பள்ளிக்குப் பிந்தைய திட்டங்கள் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2010-இல் வெளியிட்ட முடிவை அவர்களுக்குக் காட்டலாம். திறன்களைப் படிப்படியாகக் கட்டுவது, பிள்ளைகள் தாங்களே செய்து கற்பது, அதற்கென நேரம் ஒதுக்குவது, எந்தத் திறனை வளர்க்கிறோம் என்பதில் தெளிவாக இருப்பது ஆகிய நான்கும் இருந்த திட்டங்களில் தன்னம்பிக்கை, நடத்தை, படிப்பு எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. இந்த நான்கும் ஒருசேர இல்லாதவற்றில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ‘இந்தப் பருவத்தில் எதைக் கற்கப் போகிறோம்’ என்று மன்றமே ஒரு வரி எழுதிச் சுவரில் ஒட்டட்டும். ‘எல்லோரும் ஒருமுறையாவது கூட்டம் நடத்தத் தெரிந்துகொள்வது’ என்பதுபோல் சாதாரணமாக இருந்தாலே போதும்.

நானோ, எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட வேறு சிலவற்றைப் பார்ப்பேன். கடந்த மூன்று கூட்டங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர்கள் யார்? பெரியவர் கொண்டுவராத யோசனை ஏதாவது நிறைவேறியதா? நின்றுபோன பிள்ளை ஏன் நின்றது என்று யாராவது போய்க் கேட்டார்களா? குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாலே முக்கால்வாசி விடை கிடைத்துவிடும். அந்தப் புத்தகம்தான் நிதி கொடுப்பவர்களிடம் காட்ட உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த அறிக்கையும்கூட.

தொய்வு வரும். பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில் வரும். முதல் ஆர்வம் வடிந்திருக்கும், பலன் இன்னும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அப்போது பெரியவர்கள் பதறிப்போய்ப் போட்டி, பரிசு, சுற்றுலா என்று எதையாவது கொண்டுவந்து திணிப்பார்கள். அதற்குப் பதில், தாங்கள் செய்ததை வெளியாருக்குக் காட்டும் ஒரு நாளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். பெற்றோரும் பக்கத்து வீட்டாரும் வந்து பார்க்கும் ஒரு மாலைப் பொழுது போதும். தேதி சுவரில் இருந்தால் வேலைக்குத் தானாக வேகம் வரும். அன்று விருந்தினரை வரவேற்பது, விளக்கிச் சொல்வது, நன்றி சொல்வது எல்லாம் பிள்ளைகளிடமே இருக்கட்டும். உரை தடுமாறும், வாசகம் மறந்துபோகும். இடையில் புகுந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது மன்றம் எப்போது என்று யோசிப்பீர்கள். நீங்களாகத் தேதி வைக்காதீர்கள். முதல் மன்றம் சரியாக நடந்தால், ஒரு நாள் மையத்தில் உள்ள வேறு இரண்டு மூன்று பிள்ளைகள் உங்களிடம் வந்து, ‘நாங்களும் ஒன்று தொடங்கலாமா?’ என்று கேட்பார்கள். சரி என்று உடனே சொல்லாமல், முதல் மன்றத்தின் செயலாளரிடம் அனுப்புங்கள். எட்டுப் பேரை எப்படிச் சேர்ப்பது, கூட்டக் குறிப்பு எப்படி எழுதுவது, எந்தச் சண்டை எதனால் வந்தது என்பதையெல்லாம் உங்களைவிட அவள் நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். நீங்கள் ஒரு புது நோட்டுப் புத்தகமும் பூட்டோடு ஒரு பெட்டியும் வாங்கி வைத்திருங்கள்.